இருபத்திரண்டு நிமிடக் காபி

காபி வாரத்துக்கு வாரம் நன்றாகிக்கொண்டே வந்தது. அவள் உட்கார்ந்திருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தாள். அன்று அவன் கொடுத்த காபியை மனிதர் யாராலும் குடிக்க முடியாது. ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு நிமிடம் இருந்தாள். அன்று கொடுத்தது அவன் வாழ்நாளில் போட்டதிலேயே சிறந்த காபி.

இதையெல்லாம் அவன் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தான். குறித்து வைப்பதுதான் அவன் உத்தியோகம். எடை அளவு முத்திரை அலுவலகத்தில் பதினாறு வருடமாக ஆய்வாளர். பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவான். தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவான், இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுப்பான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவனுக்குத் ‘தராசு’ என்று பேர் வைத்தது அவன் அக்கா. அது இந்த உத்தியோகத்தால் வந்த பேர் இல்லை. ஒன்பது வயதில், இருவருக்கும் பொதுவாக வந்த கேக் துண்டை அவன் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டிய அன்றைக்கே வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் யார் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருக்கிறவர்கள் மணிப் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, அப்போது சுவரிலிருந்து ஒரு குரல் பேசும் அல்லவா, அந்தக் குரல் அவளுடையது. மெக்கானிக் வந்து சேரும்வரை உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவன் மரப்பெட்டியோடு வீடு திரும்பும்போது லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு முனகலோடு நின்றது. பொத்தானை அழுத்தினான்.

“வணக்கம் சார், பயப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான் ஒருத்தன். கூட இருபது கிலோ.”

“குழந்தையா சார்?”

“எடைக்கல்.”

“எடைக்கல்லா? அதை வச்சு என்ன பண்றீங்க?” என்றது சுவர்.

அவன் பயந்துபோயிருந்தான். பயத்தில் வாய் தானாக ஓடியது. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்த மீன்காரரைப் பற்றிச் சொன்னான். தராசு தப்பாக இருக்கிறது என்று சொன்னதும் ஓவென்று அழுத காய்கறிக்காரம்மாவைப் பற்றிச் சொன்னான். அந்தத் தராசு ஆறு வருடமாக வாங்குகிறவர்களுக்குத்தான் நாற்பது நாற்பது கிராம் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தது. சுவர் சிரித்தது. அவன் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்தது அவனுக்கு நினைவில்லை; சந்தேகமாகச் சுவரைப் பார்த்தான். சுவர் மறுபடியும் சிரித்தது. இப்படியே ஐம்பத்து மூன்று நிமிடம் போனது.

கடைசியில் அவள் கேட்டாள்: “வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன சார் பண்ணுவீங்க?” உள்ளே மாட்டிக்கொண்டவரின் மனதை வெளியே கொண்டுவருவதற்காக எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. அவனுக்கு அது தெரியாது.

“காபி போடுவேன்.”

“நல்லா போடுவீங்களா?”

“பிரமாதமா போடுவேன்,” என்றான் அவன்.

பதினாறு வருட சர்வீஸில் அவன் சொன்ன முதல் பொய் அளவு அது. அவன் வீட்டில் காபி என்பது ஒரு பாட்டில் தூள். தூள் ஈரம் பட்டு இறுகிப்போயிருந்தது. அதில் செருகியிருந்த கரண்டியைப் பிடித்துத் தூக்கினால் பாட்டிலும் கூடவே எழுந்து வரும். இதைவிடச் சின்னப் பொய்களுக்கெல்லாம் அவன் நோட்டீஸ் கொடுத்திருக்கிறான்.

“அப்போ ஒரு நாள் குடிச்சுப் பாக்கணுமே,” என்றது சுவர் விளையாட்டாக.

“ஞாயித்துக்கிழமை நாலு மணி. அஞ்சாவது மாடி, படிக்கட்டுக்கு எதிர் கதவு,” என்றான் அவன், கடைக்காரருக்கு ஆய்வுத் தேதி சொல்கிற மாதிரி.

அவள் வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, படியேறி வந்தாள்.

“லிஃப்ட் வேலை செய்யுதே மேடம்?”

“நானா? அதுலயா?” என்றாள் அவள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நோட்டில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. காபியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாட்டில் தூளைச் சுரண்டி, கணக்கு வழக்கில்லாமல் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருட அனுபவம். அவன் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டான். லிஃப்ட்டில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான். பொய் அளவுக்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்பதை விளக்கினான். அங்கிருந்து பேச்சு வேறெங்கோ போனது. அவளும் சொன்னாள்: லிஃப்ட்டுக்குள் சண்டை போட ஆரம்பித்து, முடியும்வரை கதவைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு கணவன் மனைவியைப் பற்றி. காபி பாதிக் கோப்பையில் ஆடை கட்டி ஆறிப்போனது. கிளம்பும்போது இருட்டியிருந்தது. “அடுத்த வாரமும் வரலாமா?” என்று அவளே கேட்டாள்.

அன்று அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இவ்வளவு மோசமான காபிக்கே ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தாள் என்றால், நல்ல காபி கொடுத்தால் எழுந்தே போக மாட்டாள். கணக்கில் எந்தப் பிழையும் அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாளே தொடங்கிவிட்டான். வறுத்து ஒரு வாரம் ஆன கொட்டை வாங்கினான்; நேற்று வறுத்ததும் கூடாது, போன மாதம் வறுத்ததும் கூடாது. கையால் சுற்றுகிற அரைப்பான் வாங்கினான். தூள் மணல் பதத்துக்கு இருக்க வேண்டும்; மாவாகிவிட்டால் கசக்கும், ரவையாகிவிட்டால் வெறும் தண்ணீர். கொக்கு மூக்கு மாதிரி நீண்ட மூக்குள்ள கெட்டில், கூம்பு, அதற்குள் வைக்கிற வடிதாள், வெப்பமானி. சின்னத் தராசு ஒன்றும் வாங்கினான். அதை அலுவலகத்தின் பித்தளைக் கற்களை வைத்துச் சோதித்ததில் பத்தில் ஒரு கிராம் பிசகியது. திருப்பிக் கொடுக்கப் போனான். அவனைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “சார், சொந்தத்துக்கு வாங்கினதுதானே சார்?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, கடையில் இருந்த எல்லாத் தராசையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, “நீங்களே எடுத்துக்குங்க சார்,” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து கிராம் தூள். இருநூற்று நாற்பது கிராம் தண்ணீர். சூடு தொண்ணூற்று மூன்று டிகிரி. முதலில் முப்பது கிராம் மட்டும் ஊற்ற வேண்டும். தூள் பெருமூச்சு விடுகிற மாதிரி உப்பி எழும். அரை நிமிடம் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிறகு நூல் பிடித்த மாதிரி, நடுவிலிருந்து வட்டம் வட்டமாக. மொத்தம் மூன்றரை நிமிடம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறை வாசலில் வந்து சாய்ந்துகொண்டாள். “செவ்வாய்க்கிழமை ஒரு கேஸ் வந்துச்சு பாருங்க—”

“ஒரு நிமிஷம்,” என்றான் அவன், கையை உயர்த்தி. எண்ணிக்கொண்டிருந்தான்.

அவள் நிறுத்திக்கொண்டாள். ஊற்றி முடித்ததும் கோப்பையை அவள் முன் வைத்தான். அவள் கையை நீட்டினாள்.

“உடனே வேண்டாம் மேடம். அறுபது டிகிரிக்கு இறங்கினாத்தான் இனிப்பு தெரியும்.”

இருவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடித்ததும், “நல்லா இருக்கே!” என்றாள்.

“நல்லான்னா? புளிப்பு எப்படி? கடைசியில கசப்பு நிக்குதா?”

அவள் யோசித்துப் பதில் சொன்னாள். அவன் குறித்துக்கொண்டான். ஒரு மணி ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டாள். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததுதான் காரணம் என்று அவன் தீர்மானித்தான்.

இப்படியாகத்தான் வாரங்கள் போயின. புளிப்பு சரியானது. கசப்பு சரியானது. ஐந்தாவது வாரம் தண்ணீரையே மாற்றினான். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஏழாவது வாரம் கோப்பையை வெந்நீரில் சூடாக்கி வைக்கக் கற்றுக்கொண்டான். அவளுக்கும் பழகிவிட்டது. வந்ததும் பையை மாட்டிவிட்டு, பரீட்சை ஹாலில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து, அவன் ‘ம்’ என்றதும் குடித்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோப்பை அறுபது டிகிரிக்கு இறங்கக் காத்திருந்தபோது அவள் சொன்னாள்: “ஹெட் ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. புதுசா சேர்றவங்களுக்கு எப்படிப் பேசணும்னு சொல்லிக் கொடுக்கணுமாம். அங்கேயே போயிடணும். இன்னும் ரெண்டு வாரத்துல பதில் சொல்லணும்.”

ஹெட் ஆபீஸ் ரயிலில் ஒரு ராத்திரி தூரம்.

அவனுக்கு நெஞ்சில் இருபது கிலோவை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். “அந்த ஊர்த் தண்ணி ரொம்ப மென்மையா இருக்கும். காபிக்கு நல்லது,” என்றான்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்படியா,” என்றாள்.

ஒன்பதாவது ஞாயிறுதான் அந்த இருபத்திரண்டு நிமிடம்.

திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அக்காவுக்குத் தையல் வேலை. வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஒரு பொம்மை உடம்பின்மேல் யாருடைய கோட்டையோ மாட்டிக் குத்திக்கொண்டிருந்தாள். குண்டூசி வாயில் இருக்கும்போது அவள் பேச்சு இன்னும் தெளிவாக இருக்கும். மாமா ஓரமாக உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நோட்டைப் புரட்டினாள். “என்னடா இது, ரயில் டைம்டேபிளா?”

“அவங்க இருந்த நேரம்.”

“யாரு, லிஃப்ட்டுக்காரியா? அடப்பாவி, வீட்டுக்கு வந்த பொம்பளையை ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்திருக்கியா?”

“சுவர்க் கடிகாரம்தான்.”

“அப்போ சரி,” என்றாள் அக்கா. “இப்போ உனக்கு என்ன வேணும்?”

“அவங்க ஊரை விட்டுப் போகக் கூடாது.”

ஒரு பட்டன் கீழே விழுந்து உருண்டது. மாமா அதை எடுக்கவில்லை. தம்பி இப்படி நேராக எதையும் கேட்டு அக்கா பார்த்ததில்லை; வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இதை அவகிட்ட சொன்னியா?”

“அது அவங்க ஆபீஸ் விஷயம். அதுல நான் எப்படித் தலையிட முடியும்?”

“சட்டப்படி உனக்கு அதிகாரம் இல்லைங்கிறே.”

“ஆமா.”

“தராசு, நீ ஒரு ஜென்மம்டா,” என்றாள் அக்கா. “வாயைத் திறந்து ‘போகாதே’ன்னு சொல்றதுக்கு எந்த ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும்?”

மாமா தொண்டையைச் செருமினார். “ஏன் மாப்ளே, அந்தப் பொண்ணு காபி குடிக்கத்தான் வருதா?”

“காபிக்குத்தானே மாமா கூப்பிட்டேன்.”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

அவனோ நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் காபி ஏறுகிறது, ஒரு பக்கம் நேரம் இறங்குகிறது. தராசின் இரண்டு தட்டு மாதிரி. இத்தனை வாரமும் கண்ணெதிரே இருந்தது. நல்ல காபியை மனிதர்கள் சட்டென்று குடித்துவிடுகிறார்கள். குடித்ததும் வேலை முடிந்தது, எழுந்துவிடுகிறார்கள். மோசமான காபியை ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனாலும் குடித்து முடிக்க முடிவதில்லை. அவன் எழுந்து, “புரிஞ்சிடுச்சு அக்கா,” என்றான்.

“அப்பாடா,” என்றாள் அக்கா.

முதல் வாரக் காபியை அப்படியே மறுபடி போட வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், அதற்குக் குறிப்பு இல்லை. நினைவை வைத்து முயன்றான். அந்தப் பாட்டிலை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டான்; அதே தூள் இப்போது கடையில் வருவதில்லை. இருக்கிற கொட்டையை வைத்துத்தான் கெடுக்க வேண்டும். திங்கட்கிழமை இரவே தூளை மாவாக அரைத்துக் கால் மணி நேரம் ஊற வைத்தான். கறுகறுவென்று, கம்பீரமாக வந்தது. செவ்வாய்க்கிழமை ரவை மாதிரி அரைத்தான். லேசாக, மெல்லிய வாசனையோடு, வெயில் நேரத்துக்கு ஏற்ற மாதிரி வந்தது. புதன்கிழமை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கெட்டிலை எடுத்தான். ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, அவனை அறியாமல் கை ஒரு நிமிடம் ஆறவிட்டிருக்கிறது. பெட்டியைத் தூக்கத் தெரிந்த கைக்கு இந்த விஷயமும் தெரிந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், தைத்த பேண்ட்டைக் கொடுக்க மாமா வந்தார். அன்றைய முயற்சியை அவரிடம் கொடுத்து, “எப்படி இருக்கு மாமா?” என்றான் நம்பிக்கையோடு.

மாமா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் இருக்கா மாப்ளே?” என்றார்.

அவன் அன்று இரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமைதான் வழி பிறந்தது. தூளைப் பாத்திரத்திலேயே போட்டு, பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மறுபடி கொதிக்கவிட்டு, பால் சேர்த்து மூன்றாவது தடவையும் கொதிக்கவிட்டான். ஒரு வாய் குடித்தான். அதைக் கசப்பு என்று சொன்னால் கசப்புக்கு அவமரியாதை. கழுவாத அலுமினியப் பாத்திரமும் எரிந்த வயரும் சேர்ந்த ஒரு ருசி நாக்கின் வேரில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. இலாகாப் பரீட்சையில் தேறிய அன்றுதான் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறான். நிதானமாக நோட்டில் எழுதினான்: பன்னிரண்டு நிமிடம், மூன்று கொதி.

பத்தாவது ஞாயிற்றுக்கிழமை. அரைப்பானையும் கெட்டிலையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவள் கையில் பையோடு ஒரு நீளக் கவர் இருந்தது. கவரை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட கொடுக்கணும்,” என்றாள்.

“காபி கொண்டு வர்றேன்,” என்றான் அவன்.

கோப்பையை வைத்தான். அறுபது டிகிரி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள். குடித்தாள். பிறகு, சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று பார்க்கிறவள் போல இன்னொரு வாய் குடித்தாள்.

“தண்ணி மாத்திட்டீங்களா?”

“இல்ல.”

“கொட்டை வேறயா?”

“அதே கொட்டைதான்.”

“உங்களுக்கு உடம்பு ஏதாவது...”

“நல்லாத்தான் இருக்கேன் மேடம்.”

“கேள்வி ஒண்ணும் கேக்கலையே? புளிப்பு, கசப்பு?”

“இன்னிக்கு இல்ல,” என்றான். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஏழு நிமிடம் ஆகியிருந்தது. கோப்பை முக்கால்வாசி நிறைந்தே இருந்தது. எல்லாம் கணக்குப்படி போய்க்கொண்டிருந்தது.

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டு கவரை எடுத்துக்கொண்டாள்.

“சரி, நான் கிளம்பறேன்.”

பதினோரு நிமிடம். அவன் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“இன்னும் குடிக்கலையே மேடம்?”

“பரவாயில்ல. புரிஞ்சுது,” என்றாள் அவள். குரல் லிஃப்ட்டுக்குள் கேட்ட அதே நிதானமான குரல். யாரையும் பயமுறுத்தாத குரல். “ஒன்பது வாரம் எனக்காக மெனக்கெட்டீங்க. போகப் போறவளுக்கு எதுக்கு மெனக்கெடணும்? வாயால சொல்லியிருந்தாலும் நான் தப்பா எடுத்திருக்க மாட்டேன்.”

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. நோட்டைப் பறித்துக்கொண்டு வெறுங்காலோடு படியில் இறங்கினான். நான்காவது மாடித் திருப்பத்தில் பிடித்தான்.

“மேடம், அது வேணும்னே கெடுத்தது!”

“அதான் சொல்றேனே, தெரியுது.”

“இல்ல, அப்படிக் கெடுக்கல. ரொம்பக் கஷ்டப்பட்டுக் கெடுத்தேன். திங்கக்கிழமையிலேருந்து கெடுக்கறேன். பன்னிரண்டு நிமிஷம் கொதிக்க வச்சு, மூணு தடவை... இதைப் பாருங்க.” நோட்டை நீட்டினான். தன் தரப்புக்கு அவனிடம் வேறு சாட்சி இல்லை.

அவள் படியின் கைப்பிடியில் சாய்ந்து நின்று நோட்டைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தேதி, கிராம், டிகிரி, புளிப்பு, கசப்பு. கடைசிக் கட்டத்தில் மணியும் நிமிடமும். அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். விரல் இருபத்திரண்டில் நின்றது.

“இது நான் இருந்த நேரமா?”

“ஆமா. நல்ல காபி கொடுத்தா நீங்க சீக்கிரம் போயிடுறீங்க. அதனால கெட்ட காபி கொடுத்தா...” அவன் நிறுத்தினான். சமையலறையில் சரியாக இருந்த கணக்கு, படிக்கட்டில் சொல்லும்போது என்னவோ போல இருந்தது.

மூன்றாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள்.

அவள் மறுபடி முதல் வரிக்குப் போனாள். “முதல் வாரம் நேரம் மட்டும் இருக்கு. காபி பத்தி ஏன் ஒண்ணுமே எழுதல?”

“அன்னிக்கு எதையும் அளக்கல. பேசிட்டிருந்தேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. நோட்டை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் அதைக் குறிப்பு எடுக்காத குறை என்றுதான் நினைத்திருந்தான்.

“ரெண்டாவது வாரம் நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சேன்,” என்றாள் அவள். “‘ஒரு நிமிஷம்’னீங்க. அது இன்னும் முடியல.”

“நீங்க சொல்ல வந்ததா?”

“அதுவும். அந்த நிமிஷமும்.”

அவன் வெறுங்காலுக்குப் படி சில்லென்றிருந்தது.

“வாரம் பூரா மூச்சுத் திணறுறவங்களுக்காகப் பேசுறேன்,” என்றாள். “ஞாயித்துக்கிழமை எனக்காகப் பேசலாம்னு அஞ்சு மாடி ஏறி வந்தா, நீங்க என்னை நாக்கா மட்டும் உட்கார வச்சுட்டீங்க. நானும் பொறுத்துப் பாத்தேன். ஹெட் ஆபீஸ்னு சொன்னேன். அந்த ஊர்த் தண்ணியைப் பத்திச் சொன்னீங்க.”

“அது தப்பான தகவல்கூட,” என்றான் அவன் தாழ்ந்த குரலில். “அப்புறம் விசாரிச்சேன். அங்கயும் சுண்ணாம்புதான்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் பதறிப்போனான். பிறகு சத்தம் வெளியே வந்தது. சிரிப்பு.

“மேடம், போகாதீங்க,” என்றான் அவன். “இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனாலும் சொல்றேன். போகாதீங்க.”

சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் கவரைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு தாள் இருந்தது. “ஒண்ணு வர்றேன்னு, ஒண்ணு வரலைன்னு. ரெண்டையும் டைப் அடிச்சுட்டுத்தான் வந்தேன். இன்னிக்குச் சாயங்காலம் எது கையில நிக்குதோ அதைக் கொடுக்கலாம்னு.”

“எது நிக்குது?”

“இப்போ வாயில எரிஞ்ச வயர்தான் நிக்குது. முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

மேலே ஏறினார்கள். அவன் அலமாரியைத் திறந்து அரைப்பானையும் கெட்டிலையும் வெளியே எடுத்தான். பாத்திரத்தில் மீதியிருந்த பன்னிரண்டு நிமிடக் காபியைத் தொட்டியில் கொட்டினான். அது இறங்க யோசித்து, பிறகு இறங்கியது. அவள் வாசலில் சாயாமல் உள்ளேயே வந்து, அடுப்புக்குப் பக்கத்து மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை ஒரு கேஸ்,” என்று ஆரம்பித்தாள், இரண்டு மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை நேற்று போல. அவன் கொட்டை அரைத்தான். அந்தக் கடகடச் சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்திக்கொண்டாள். “லிஃப்ட் நின்னுபோச்சு, லைன் வந்துச்சு. எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டேன். பதில் இல்ல. கொஞ்சம் கழிச்சு ‘போதும்’னு ஒரு குரல். வயசானவர் குரல் மாதிரி. என்ன சார் போதும்னு கேட்டேன். ‘போதும், போதும்’கறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாழ்க்கை வெறுத்துப்போன ஆள் போலன்னு நினைச்சுட்டேன்.”

“ஐயோ,” என்றான் அவன். கெட்டிலை எடுத்தான். முப்பது கிராம் ஊற்றினான். தூள் உப்பி எழுந்தது.

“விடுவேனா? நாற்பது நிமிஷம் பேசினேன். பொழுது விடிஞ்சா எல்லாம் சரியாயிடும்ங்கிறேன். பிள்ளைங்க இருக்காங்களான்னு கேக்குறேன். எல்லாத்துக்கும் ‘போதும்’. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பக்கத்து சீட்டுக்காரி கூட வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டா.”

“அப்புறம்?” அவன் ஊற்றிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். தண்ணீர் வட்டத்தை விட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. தராசில் எண் இருநூற்று நாற்பதைத் தாண்டி, இருநூற்று எழுபதையும் தாண்டியது.

“மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தான். உள்ள ஆளே இல்ல. ஒரு கூண்டு. கூண்டுக்குள்ள ஒரு கிளி. வீட்டுக்காரர் அதை உள்ள வச்சுட்டுப் பையை எடுக்கத் திரும்பிப் போயிருக்காரு, கதவு மூடிக்கிச்சு.”

அவன் சிரித்தான். சிரித்த வேகத்தில் கெட்டில் ஆடி, கூம்பு நிரம்பி, தண்ணீர் மேடையெல்லாம் வழிந்தது. அவள் கால்களைத் தூக்கிக்கொண்டாள். துணி எங்கே என்று அவன் தேடுவதற்குள், அவள் கவரிலிருந்து ஒரு தாளை உருவி நாலாக மடித்து, ஓடிவந்த தண்ணீரின்மேல் வைத்து அழுத்தினாள். தாள் பழுப்பாக ஊறியது. எந்தத் தாள் என்று அவன் குனிந்து பார்த்தான். ‘தங்கள் கட்டளைப்படி தலைமை அலுவலகத்தில் சேரச் சம்மதம்’ என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. மீதி மை கரைந்துபோயிருந்தது.

அவன் இரண்டு கோப்பையில் ஊற்றி ஒன்றை அவளிடம் நீட்டினான். தண்ணீர் முப்பது கிராமுக்கு மேலேயே கூடிப்போயிருந்தது. சூட்டைப் பார்க்கவில்லை.

அவள் ஒரு வாய் குடித்தாள். “சுமார்,” என்றாள்.

“சரி,” என்றான் அவன். அவள் பக்கத்தில் இருந்த ஈரமில்லாத இடத்தில் தானும் ஏறி உட்கார்ந்தான். “அந்தக் கிளிக்குப் ‘போதும்’னு யாரு சொல்லிக் கொடுத்தது?”

“அங்கதான் இருக்கு கதையே,” என்றாள் அவள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு.